வேண்டுதலோடு மன்னவனூருக்கு

பழனி பேருந்து நிலையத்திலிருந்து கொடைக்கானலுக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை காலை ஆறே கால் மணி வண்டியில் ஏறினேன். டிக்கெட் எழுபது ரூபாய். நடத்துநர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வந்தது.

நான் பழனியில் பள்ளி ஆசிரியை. வீட்டுக்காரர் அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஒரே மகன் சரவணன், இருபத்தைந்து வயது. விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு, கூடப் படித்த யோகராஜோடு சேர்ந்து மன்னவனூரில் நிலம் குத்தகைக்கு எடுத்து கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறான். யோகராஜும் எனக்குப் புதியவன் இல்லை. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் வீட்டுக்கு வருவான், என் கையால் சாப்பிடுவான், "அம்மா" என்றுதான் கூப்பிடுவான். சித்திரையில் ஊருக்கு வந்த சரவணன், பெண் பார்க்கும் பேச்சை நான் எடுத்தபோது, தனக்குக் கல்யாணம் வேண்டாம், யோகராஜோடுதான் வாழப்போகிறேன் என்று சொன்னான். நண்பன் என்ற பொருளில் சொல்லவில்லை. அதையும் அவனே விளக்கிச் சொன்னான். அவன் அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார். அன்று முதல் அவனோடு பேசவில்லை.

நான் மலைக்கோவிலைப் பார்த்துக் கையெடுத்து வேண்டிக்கொண்டேன். இவன் மனசு மாறட்டும், இவனைக் கூட்டி வந்து மொட்டை போடுகிறேன் என்று. பிள்ளையின் முடியை அம்மா நேர்ந்துகொள்வது எங்கள் ஊரில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. நான்கு மாதம் ஆகியும் மனசு மாறவில்லை. முடியை முன்னாலேயே கொடுத்துவிட்டால் முருகன் இறங்கி வருவான் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"போ, கூட்டிட்டு வா. சனிக்கெழம மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்கு வாரேன். அவன் எறங்கலேன்னா, அப்பறம் மன்னவனூரப் பத்தி நம்ம வீட்டுல பேச்சே இருக்கக் கூடாது" என்றார்.

பேச்சு இல்லை என்றால் மகன் இல்லை என்று அர்த்தம். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இதைச் சரவணன், யோகராஜ் இருவரையும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்கள் மட்டும் வேறு.

மலை ஏறத் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வருகின்றன. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் ஒன்றும் இல்லை. கீழே பழனி மலைக்கோவில் சுண்டைக்காய் அளவுக்குத் தெரிந்து, பிறகு அதுவும் மறைந்தது. சவரிக்காட்டைத் தாண்டும்போது பஞ்சு போல மேகம் சன்னலுக்குள் வந்தது. புதிதாக வருகிறவர்கள் செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, அவனிடம் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது மாறியது. பெருமாள்மலையில் வத்தலக்குண்டு சாலை வந்து சேருகிறது. அங்கிருந்து கொடைக்கானல் வரை சுற்றுலா வண்டிகளின் நெரிசல்.

கொடைக்கானலில் இறங்கியபோது ஒன்பதரை. மன்னவனூர் பேருந்து போய்விட்டிருந்தது. ஆள் சேர்த்துக்கொண்டு போகும் ஜீப்பில் இடம் கிடைத்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்கு நூறு ரூபாய். பக்கத்தில், ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கோணிப்பையோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்.

"யக்கா, மன்னவனூர்ல என்ன சோலி?"

"மகன் இருக்கான்."

"ஆட்டுப் பண்ணையிலயா?"

"இல்ல, கேரட்டு போடுறான்."

"அட, குத்தகைக்கு எடுத்திருக்காங்களே ரெண்டு பயலுக, அதுல ஒருத்தனா? யாரு, செவத்தவனா, முடி வச்சவனா?"

"செவத்தவன்" என்றேன்.

"நல்ல பயக்கா. வம்பு தும்பு கெடையாது. ரெண்டும் ஒண்ணா காட்டுக்குப் போகும், ஒண்ணா சந்தைக்கு வரும். சண்டை போட்டா மட்டும் ஊருக்கே கேக்கும். போன வாரம் மருந்தடிக்கிற மெஷினுக்குப் பெட்ரோல் ஊத்த மறந்ததுக்கு அப்படி ஒரு சண்டை. எங்க வீட்டுல நானும் எம் புருசனும் தோத்தோம் போ!"

ஜீப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறாளா? பூம்பாறையின் படிக்கட்டு வயல்களை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் பூண்டு, ஒரு பக்கம் கேரட், நடுவே சிவப்பு ஓடுகள். அழகான ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு மன்னவனூர். மரங்கள் விலகி, வானம் பெரிதாகி, புல்மேடுகள் அலை அலையாகப் போகின்றன. காற்று ஸ்வெட்டருக்குள் நுழைந்து எலும்பைத் தொட்டது. நான் வருவதை முதல் நாள்தான் சொல்லியிருந்தேன். நிறுத்தத்தில் நின்றது சரவணன் இல்லை, யோகராஜ். பிடரி வரை முடி, அதைக் கயிற்றால் கட்டியிருந்தான். அவனை அப்படிப் பார்த்ததில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"வாங்கம்மா." பையை வாங்கிக்கொண்டான். என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தான்.

வீடு தகரக் கூரை போட்டது. ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை. கண்ணை அடக்க நினைத்தும் முடியவில்லை. அறைக்குள் ஒரே கட்டில். ஆணியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மழைச்சட்டைகள். நான் பார்ப்பதை யோகராஜ் பார்த்துவிட்டு, சமையலறைக்குள் போனான்.

சரவணன் காட்டிலிருந்து சேறோடு வந்தான். மெலிந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். கன்னத்தில் சதை வைத்திருந்தது.

"தேத்தண்ணி குடிச்சியாம்மா?"

தேத்தண்ணி என்ற சொல் எங்கள் வீட்டில் கிடையாது. யோகராஜின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அது அவர்கள் வீட்டுச் சொல். என் பிள்ளையின் வாயில் அது எவ்வளவு பழகிவிட்டது! அவன் சொன்ன பெரிய விஷயத்தை நான்கு மாதமாக நம்பாமல் இருந்தேன். இந்தச் சின்னச் சொல்லில் நம்பினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சரவணனோடு வயல் வரப்பில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைத்தான் முதலில் கேட்டேன்.

"எப்படா இப்படி ஆச்சு?"

அவன் ஒரு கேரட்டைப் பிடுங்கி மண்ணைத் தட்டினான். "எப்பன்னு எனக்கே ரொம்ப நாளாத் தெரியலம்மா. போன வருசம் அவன் ரெண்டு வாரம் ஊட்டிக்கு டிரெய்னிங் போனான். எனக்குச் சோறு எறங்கல. காய்ச்சல்னு நெனச்சேன். அவன் வர்ற அன்னிக்கு வெள்ளனே போயி பஸ் ஸ்டாப்புல நின்னேன். சாயங்காலந்தான் வந்தான். எறங்குனதும் கண்டபடி திட்டுனேன். எதுக்குடா திட்டுறன்னு கேட்டான். அழுதுட்டேன். அவனும் அழுதான். டிரைவர் எட்டிப் பாத்து, 'யாருப்பா செத்தது'ன்னு கேட்டாரு."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நானும் அவன் அப்பாவும் கல்யாணமான புதிதில் இதைவிடக் குறைவான காரணங்களுக்கு அழுதிருக்கிறோம்.

யோகராஜ் தேநீர் கொண்டுவந்தான். அவனை வைத்துக்கொண்டே வந்த காரியத்தைச் சொன்னேன். "சரவணா, எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. நாளைக்கு என் கூட வா. மொட்டை போட்டுட்டு வந்துரலாம்."

"யாருக்கு மொட்டை?"

"உனக்குத்தான்."

"எதுக்கு வேண்டுன?"

"உன் உடம்புக்கு."

அவன் என்னையே பார்த்தான். சின்ன வயதிலிருந்தே நான் பொய் சொன்னால் அவன் கண்டுபிடிக்கிற அதே பார்வை. "நான் மாறணும்னு வேண்டிருக்க. அதானே?"

நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் மாறலையேம்மா. பலிக்காத வேண்டுதலுக்கு யாராச்சும் மொட்டை போடுவாங்களா? அதுவும் என் முடி. என்னக் கேக்காம நேந்துக்கிட்ட."

"ஏலே, அம்மாட்ட அப்பிடிப் பேசாத" என்றான் யோகராஜ். போகத் திரும்பினான்.

"எங்க ஓடுற? உன் கதையச் சொல்லு" என்று சரவணன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"வேணாம்டா. இப்ப வேணாம்."

"நானே சொல்றேன். அம்மா, இவன் தலையப் பாரு. பண்ணைக்காரங்க செம்மறி ஆடுன்னு புடிச்சு ரோமம் கத்தரிச்சுருவாங்கன்னு நாந்தான் காவல் காக்குறேன். நாலு மாசமா கத்தரி படல. என்னா வேண்டுதல் தெரியுமா? நீ ஒருநாள் இந்த வீட்டுக்கு வரணுமாம். வந்து ஒருவாய் சாப்புடணுமாம். வந்தா பழனிக்கு வந்து மொட்டை."

யோகராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மன்னிச்சுக்கங்கம்மா. கேட்டது முருகன்கிட்டதானே, தப்பில்லேன்னு நெனச்சேன்."

மத்தியானம் அவன் பரிமாறிய சோற்றை நான் சாப்பிட்டிருந்தேன். அவன் வேண்டுதல் அப்போதே முடிந்துவிட்டது. அவனிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வந்தவள், வந்ததாலேயே அவனுக்கு வரம் கொடுத்திருக்கிறேன். ஒரே சித்திரையில், ஒரே சாமியிடம், அவனும் நானும். அவன் தன் முடியைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். நான் அடுத்தவன் முடியை.

அன்று எனக்குக் கட்டிலை விட்டுவிட்டு இருவரும் கூடத்தில் கேரட் சாக்குகளுக்கு நடுவே படுத்தார்கள். ஞாயிறு சந்தைக்கு லோடு ஏற்ற வேண்டும், ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று சரவணன் சொன்னான். அது உண்மைதான். ஆனால் லோடு இல்லாவிட்டாலும் அவன் வந்திருக்க மாட்டான்.

சனிக்கிழமை காலை யோகராஜ் பையோடு நின்றான். "அம்மா, நான் உங்க கூடயே வரவா? இல்ல அடுத்த பஸ்ல வரவா? உங்களுக்கு எது சௌகரியமோ..."

ஒரே வண்டியில் வரலாமா என்று கேட்கிறான். நான்கு வருஷம் என் அடுப்படி வரை வந்த பிள்ளை.

"கூடயே வா" என்றேன்.

சரவணன் நிறுத்தம் வரை வந்தான். யோகராஜின் மப்ளரை இழுத்துக் கழுத்தில் சுற்றிவிட்டான். வேறு ஒன்றும் இல்லை. நான் புல்மேட்டைப் பார்ப்பது போல நின்றேன். பிறகு திரும்பி அதையும் பார்த்தேன்.

கொடைக்கானலில் வண்டி மாறினோம். இறங்கும் பாதை ஏறுவதைவிட மோசம். நான்காவது வளைவிலேயே எனக்குக் குமட்டியது. யோகராஜ் சன்னல் இருக்கையை எனக்கு விட்டு, புளிப்பு மிட்டாயைப் பிரித்துக் கொடுத்து, என் பையை மடியில் வைத்துக்கொண்டான். நடத்துநர் வந்தார்.

"ரெண்டு பழனியா? அம்மாவத் தாங்கிட்டு வர்றீங்களே, மகனா?"

நான் வாய் திறப்பதற்குள் யோகராஜ் சொன்னான். "இல்லைங்க. இவங்க மகனோட பிரெண்டு."

அவ்வளவு வெரசாக வந்தது அந்தப் பதில். வீட்டு உரிமையாளரிடம், மருந்துக் கடையில், சந்தையில், எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருப்பான்! என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். காப்பாற்றப்பட்ட எனக்குக் கண் கலங்கியது. வெளியே மேகம் விலகி, கீழே சமவெளி வெயிலில் கிடந்தது. இரண்டு நாளாக என்னை வாட்டிய பயம் போகவில்லை. ஆனால் இடம் மாறியிருந்தது. ஊர் என்ன சொல்லும் என்பது போய், இந்த இரண்டு பேரும் இப்படியே எத்தனை காலம் ஒவ்வொருவரிடமும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது வந்தது. இந்தப் பயத்தோடு தூங்குவது இன்னும் கடினம் என்று அப்போது தெரியவில்லை.

பன்னிரண்டரைக்குப் பழனி. இறங்கியதும் அனல் முகத்தில் அடித்தது. மன்னவனூரில் மூச்சு புகையாக வரும், இங்கே மூச்சே வரவில்லை. வீட்டுக்காரர் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். பேருந்தின் கடைசி ஆள் இறங்கும் வரை பார்த்தார். பிறகு யோகராஜைப் பார்த்தார். கடைசியாக என்னை.

"எங்க அவன்?"

"வரல. சந்தைக்கு லோடு ஏத்தணுமாம். இவன் மொட்டை போட வந்திருக்கான்."

"நீ வேண்டுனது என்னாச்சு?"

சுற்றிலும் காவடியும் கூட்டமும். யோகராஜ் நான்கு அடி தள்ளி, எங்கள் பேச்சு காதில் விழாத தூரத்தைத் தானே பார்த்து நின்றுகொண்டான்.

"பலிச்சது இவன் வேண்டுனதுங்க" என்றேன். "முடி எறக்கி, சாமி பாத்துட்டு, நம்ம வீட்டுலதான் சாப்புடுவான். நான் கூப்பிட்டுட்டேன்." உண்மையில் அதுவரை நான் கூப்பிடவில்லை. சொன்ன பிறகுதான் கூப்பிட்டது ஆயிற்று.

அவர் வண்டியைக் கிளப்பினார். போயே விடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னார்.

"முடிக்கொட்டகையில கூட்டமா கெடக்கு, வெரசா போகச் சொல்லு. மொட்டை மண்டையோட இந்த வெயில்ல நிக்க முடியாது. வர்றப்ப கடைக்கு வந்து ஒரு துண்டு வாங்கிக்கிடட்டும்."