புகை எந்தப் பக்கம் போகும்?

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகும் சாலையில் கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் ஒரு லித்தோ அச்சகத்தில் வேலை பார்த்தேன். லேபிள் வெட்டும் பிரிவில் இருந்தவனை, இந்த ஒரு ஆர்டரை ஒழுங்காக முடி, அப்புறம் பார்ப்போம் என்று சொல்லி முதலாளி படம் வரைய உட்கார வைத்திருந்தார். சொதப்பினால் பழையபடி வெட்டும் வேலைதான்.

அந்த ஆர்டரோடு வந்தவர்கள்தான் மச்சானும் மாப்பிள்ளையும். எம். புதுப்பட்டிப் பக்கம் புதிதாகப் பட்டாசுக் கம்பெனி தொடங்கியிருந்தார்கள். மச்சான் பருத்தியும் மிளகாயும் பயிரிட்ட சம்சாரி. அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை, வேறொரு பட்டாசு ஆலையில் பல வருடம் ஃபோர்மேனாக இருந்தவர். சேவல், கிளி, மயில் எல்லாவற்றையும் மற்ற கம்பெனிகள் எடுத்துக்கொண்டதால் இவர்களுக்குப் பாய்மரப் படகு மார்க் வேண்டுமாம். பழைய வெளிநாட்டுக் காலண்டர் ஒன்றைப் பார்த்து இரண்டு படகுகள் வரைந்து காட்டினேன். ஒன்று ஒல்லி, உயரமான பாய். மற்றது அகலம், நடுவில் சின்ன அறை, பின்பக்கம் சமையல்கட்டு, அதிலிருந்து பின்னால் போகும் புகை, பாய்மர உச்சியில் கொடி. அதோடு நிறுத்தியிருக்கலாம். இதில் குடும்பத்தோடு தங்கவே செய்யலாம் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லித் தொலைத்தேன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மூன்று வாரம் இரண்டு பேரும் நாள் தவறாமல் பஸ் பிடித்து வந்தார்கள். ஒல்லிப் படகுதான் வேகம், ராக்கெட் பெட்டிக்கு அதுதான் பொருத்தம் என்பார் மாப்பிள்ளை. வேகமாகப் போய் என்ன செய்ய, நாலு நாள் தண்ணீர் மேலே கிடந்தால் காலை நீட்ட இடம் வேண்டாமா என்பார் மச்சான். அலை அடித்தால் எது அதிகம் ஆடும், குடிதண்ணீர்ப் பானையை எங்கே வைப்பது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது? ஏதோ மறுநாளே பெட்டி படுக்கையோடு குடியேறப் போகிறவர்கள் மாதிரி கேட்டார்கள். இரண்டு பேரும் கடலைப் பார்த்ததே இல்லை. நானும்தான் பார்த்ததில்லை. ஆனால் நான் ஓவியன் அல்லவா!

ஒருநாள் மாப்பிள்ளை அகலப் படகின் புகையில் விரலை வைத்தார்.

"தம்பி, காத்து பாயை முன்னால தள்ளுதுல்ல? அப்போ புகையும் முன்னாலதான போகணும்? படுத்திருக்கிறவுக கண்ணுலல்ல அடிக்கும்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. நீங்கள் ரயிலையே பார்த்ததில்லையா, வண்டி முன்னால் போனால் புகை பின்னால்தான் வரும், இதுகூடத் தெரியாதா என்று சிடுசிடுத்தேன். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போனது. ஒல்லிப் படகின் படத்தை அவரே என் பக்கம் தள்ளிவிட்டார். அகலப் படகே முடிவாயிற்று. அப்பாடா, தொல்லை விட்டது என்றுதான் எனக்கு இருந்தது.

சீசன் நெருங்கியதால் உடனே மெஷினில் ஏற்றினார்கள். ஒவ்வொரு நிறமாகத்தான் அச்சு ஏறும்; படகின் உடம்புக்கான மஞ்சள் ஓடி முடிந்து, மறுநாள் சிவப்பும் அதன் பிறகு கறுப்பும் ஏறவேண்டும். அன்று தூத்துக்குடியிலிருந்து பேப்பர் லோடு வந்தது. இறக்க வந்தவர்களில் ஒருவர், முன்பு கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் இருந்தவர். சுவரில் இருந்த என் படத்தை நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி, பாய் முன்னால உப்பியிருக்கு. கொடியும் புகையும் பின்னால போகுதே. ஒரே படகுக்கு ரெண்டு காத்தா அடிக்கும்?"

ரயிலை இன்ஜின் இழுக்கிறது, படகைக் காற்றே தள்ளுகிறது. இவ்வளவுதான் விஷயம். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சிவகாசியில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள், பேசாமல் விட்டுவிடலாம் என்று மத்தியானம் வரை நினைத்தேன். சொன்னால் கொடியின் சிவப்புக்கும் புகையின் கறுப்புக்கும் கல்லில் மறுபடி வரையவேண்டும், மெஷின் சும்மா நிற்கும், என் வேலை போகும். ஆனால் மாப்பிள்ளை தன் கம்பெனியின் ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் புகையைப் பார்ப்பாரே என்பதுதான் உறுத்தியது. சிவப்பை ஏற்றவேண்டாம் என்று மெஷின்காரரிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் புதுப்பட்டிக்குப் போனேன்.

போன நேரத்தில் மாப்பிள்ளை புது வெடி ஒன்றைச் சோதிக்க நின்றிருந்தார். கை நிறைய மண்ணை அள்ளி மெல்லச் சொரிந்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு, ஆட்களை எதிர்ப்பக்கம் போகச் சொன்னார். இந்த மனிதருக்கா நான் காற்றையும் புகையையும் பற்றிப் பாடம் எடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது. நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன்.

மச்சான் உடனே ஆரம்பித்துவிட்டார். அப்படியானால் அடுப்பை முன்பக்கம் நகர்த்திவிடலாமே, தண்ணீர்ப் பானையை இந்தப் பக்கம் வைக்கலாமே என்று. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மாப்பிள்ளைதான் குறுக்கே வந்தார்.

"மச்சான், மஞ்சள் ஓடிருச்சு. புகையையும் கொடியையும் மட்டும் திருப்பட்டும்."

என்னைக் கேலி செய்ய அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. செய்யவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். அச்சகத்தில் முதலாளி மெஷின் நின்றதைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார்.

"தம்பிய வையாதீக. மாத்தச் சொன்னது நான்தான்" என்றார் மாப்பிள்ளை.

அது பொய்யும் இல்லை. மஞ்சள் ஓடுவதற்கு முன்பே அவர் சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. என் வேலை நிலைத்தது. அந்த அச்சகத்திலேயே பல வருடம் வரைந்தேன்.

இன்றும் யாராவது தொணதொணவென்று கேள்வி கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது, அது போகவில்லை; ஆனால் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது, அந்தப் படகின் புகை என் கண்ணில் வந்து அடித்துவிடுகிறது.