கிரேன் ஓட்டியின் ஆவக்காய்

பாலாநகர்த் தொழிற்சாலை ஒன்றில் ஆரோக்கியசாமி கிரேன் ஓட்டுகிறார். போன வருடம் அவருடைய ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டியது. குறையாவிட்டால் கிரேனில் ஏற்ற முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு மாத்திரையும் தவறவில்லை. மனைவி ஷோபா குழம்பில் உப்பைப் பாதியாக்கினார். அப்படியும் அழுத்தம் இறங்கவில்லை. இருவரும் மறுபடி மருத்துவரிடம் போனார்கள்.

"வீட்ல உப்பே இல்ல டாக்டர், நாக்கு செத்துப்போச்சு," என்றார் ஆரோக்கியசாமி.

"அப்புறம் சோறு எப்படி இறங்குது?"

"ஆவக்காய் ஊறுகாய் இருக்கே!"

ஷோபா தலையில் அடித்துக்கொண்டார். "அதான் ஜாடி மளமளன்னு காலியாகுதா?"

"அது மாங்காய்தானேம்மா?"

"உப்புல ஊறின மாங்காய்," என்றார் மருத்துவர்.

தெலுங்கு ஊரில் குடியேறிய எங்கள் காலனித் தமிழர்களும் முதல் கவளத்தை ஆவக்காயோடுதான் பிசைகிறோம். அதை யாரும் உப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆரோக்கியசாமி அன்றே ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். சோற்றுக்கு எலுமிச்சையும் மிளகும் போதுமென்றார். மாத்திரையோடு இதுவும் சேர, அடுத்த பரிசோதனையில் 132 வந்தது. கிரேன் அவரிடமே இருந்தது.

கேன்டீனில் உடன் வேலை செய்யும் பாபு ஊறுகாய்க் கிண்ணத்தை நீட்டினார். "இன்னிக்கு ஒருநாள் போட்டுக்கோ அண்ணா!"

"நக்கோ பாபு, வேணாம். சாப்பிட்டு நான் மேலே ஏறணும்."