வெள்ளிக்கிழமை அனல்

அல்சூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். செல்வம் போன் செய்தான். "தாத்தா, மேடம் போயிட்டாங்க." எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு மேடம் என்றால் கலைச்செல்வி அம்மா ஒருவர்தான். எனக்கு எழுத வராது; நான் சொல்ல, கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் செல்வம்தான் இதை எழுதுகிறான்.

அம்மா வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் நான் ஏசி ஓட்டுகிற ஆள். அம்மா வந்த புதிதில் ஒவ்வொரு துறையும் தன் கம்ப்யூட்டர்களைப் பூட்டி வைத்திருந்தது. அவர்தான் கேபிள் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கினார். உடனே யார் வேலை முதலில் ஓடுவது என்று சண்டை. அவர் ஏலம் வைத்தார்.

"காசு இல்லண்ணா, டோக்கன். சும்மா கிடக்கிற மெஷினை அடுத்தவங்களுக்கு விட்டா டோக்கன் சேரும். அவசரம்னா கூட டோக்கன் கொடுத்து முன்னாடி போகலாம்" என்று எனக்கும் விளக்கினார்.

பெரிய துறைகள் டோக்கனைப் பதுக்கின. அந்தந்த வார டோக்கன் வெள்ளிக்கிழமையோடு செல்லாது என்றார் அம்மா. அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அறை அனலடித்தது. மிஞ்சிய டோக்கனை விட மனமில்லாமல் ஒன்றுக்கும் உதவாத கணக்குகளை ஓட்டினார்கள். "சும்னே, சும்மாதான் ஓட்டினேன் மேடம், வேஸ்ட் ஆயிடுமே" என்று ஒரு புரொபசர் சிரித்தார். "அதை ஏசி ஓட்டுற அண்ணன்கிட்ட சொல்லுங்க சார்" என்றார் அம்மா.

அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஆனேக்கலில் அவர் தெருவில் வருஷா வருஷம் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் ஏறும். ஏரி நிரம்பினால் எந்தெந்தத் தெரு முழுகும் என்று பார்க்கிற பெரிய கணக்கு. பிறருக்கு விட அவரிடம் சொந்த மெஷின் இல்லை. நிலையம் வாரா வாரம் தரும் கொஞ்ச டோக்கனைச் சேர்ப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அவர் போட்ட விதிதான்.

படுக்கையில் விழுந்த பிறகும் அந்தக் கணக்கு ஓடியதா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு பட்டன் மேடம், முன்னாடி தள்ளிடறேன்" என்று செல்வம் கெஞ்சினான்.

"அமுக்கிட்டா, அப்புறம் யாரைப் பார்த்து முடியாதுன்னு சொல்றது? வேணாம்ப்பா. முறை வரட்டும்."

வரவில்லை.

எரித்துவிட்டு வந்த அன்று கேட்டேன். "அம்மா கணக்கு என்னப்பா ஆச்சு?"

"வரிசையிலதான் இருக்கு தாத்தா. ஆள் இல்லாத பேருக்கு டோக்கன் வராது. திங்கக்கிழமை பேரையே எடுத்துடுவாங்க."

"நீ தள்ளிவிடேன்."

"அவங்க வேணாம்னாங்களே தாத்தா."



இன்று வெள்ளிக்கிழமை. அறை கொதிக்கிறது. ஒன்றுக்கும் உதவாததெல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது; அம்மா கணக்கு இன்னும் வரிசையில்தான். ஆனேக்கல் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. ஏசியைக் கூட்டி வைத்திருக்கிறேன். போய் வாங்கம்மா.