குனியக் கூடாதவர்

"ஊருக்கே நான் ஷூ மாட்டிவிடுவேன். என் காலுக்கு மாட்டிவிட இனிமேதான் ஒருத்தன் பிறந்து வரணும்!"

ஓய்வு பெற்ற அன்று ஷூக் கடையே அதிரும்படி இப்படி முழங்கினார் அளவுக்காரர். நடையைப் பார்த்தே கால் அளவைச் சொல்லிவிடுவதால் கிடைத்த பட்டம் அது. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, வாடிக்கையாளரின் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி அவர் ஷூ மாட்டினால் முடிசூட்டு விழா தோற்றுவிடும்.

பிறகு இடுப்பு மூட்டு தேய்ந்தது. செயற்கை மூட்டு வைத்தார்கள். சில வருடங்களில் அது ஆட்டம் காணவே, வேறொன்று வைத்தார்கள். அதுவோ அவர் வீட்டுக்கு வந்த வாரமே கழன்றது. மூன்றாவதைப் பொருத்திய டாக்டர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. குனிஞ்சீங்களா?"

"சேச்சே! நீங்க வச்சது மட்டமான சரக்கு."

"சரக்கு நல்ல சரக்குதான். பழசைப் பிடுங்குற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எலும்பும் கூடவே போகுது. சுத்தியிருக்கிற சதையும் தொளதொளன்னு ஆயிடுச்சு. நீங்க குனிஞ்சா மூட்டோட பந்து அதோட கிண்ணத்தை விட்டு வெளிய வந்துடும். இன்னொரு தடவை கழண்டுச்சுன்னா, திரும்பப் பொருத்த எலும்பு மிச்சமில்ல. நடையை மறந்துட வேண்டியதுதான். ஒத்தாசைக்கு வீட்ல யார் இருக்கா?"

"எல்லாரும் இருக்காங்க."

எல்லாரும் என்றால், சுவரில் மனைவியின் படம். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டு, பதில் வருமுன்பே "சரிப்பா, வைக்கிறேன்" என்னும் மகன்.

குனிந்தது உண்மைதான். குனியாமலே ஷூ மாட்ட ஆஸ்பத்திரியில் கொடுத்த நீளக் கைப்பிடி ஷூக்கரண்டியைத் தொழிலுக்கே இழுக்கு என்று குப்பையில் போட்டுவிட்டு, தோல் ஷூவைக் குனிந்து மாட்டிக் கயிறு கட்டியபோதுதான் மூட்டு கழன்றது.

இம்முறை வீடு திரும்பியவர் வெறுங்காலோடு கூடத்தில் நடந்து பார்த்தார். தரை வழுக்கியது. சுவர் காப்பாற்றியது. மறுநாள் காலை கட்டிலில் அமர்ந்து ஷூவை வெகுநேரம் முறைத்தார். அது தானாக ஏறிவரும் உத்தேசத்தில் இல்லை. கை மெல்லக் கீழே போனது. பாதி வழியில் நின்றது.

எழுந்து, கைத்தடியால் இரண்டு ஷூக்களையும் தள்ளித் தள்ளி எதிர்வீட்டுக் கதவுவரை கொண்டுபோனார். அங்கே இருந்த லாரி ஓட்டுநரோடு மின்சாரம் போகும்போது மட்டும் பேச்சுவார்த்தை உண்டு.

"என்ன பெரியவரே, கரண்ட் இருக்கே?"

"இருக்கு தம்பி." தொண்டையைச் செருமினார். "இதைக் கொஞ்சம்... மாட்டிவிட முடியுமா?"

ஓட்டுநர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதலில் இடது ஷூவை வலது காலில் திணித்தார். பிறகு மாற்றினார். சரக்கு மூட்டை கட்டுவதுபோல் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டார்.

"சரியா இருக்கா?"

அளவுக்காரர் கதவு நிலையைப் பிடித்தபடி கீழே பார்த்தார்.

"ரொம்பச் சரியா இருக்கு, தம்பி," என்றார்.