ஒரு முறைதான் கேட்கலாம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். சென்னைப் பேருந்திலிருந்து இறங்கி, குவார்ட்டர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஷோகேஸின் மேல்தட்டில் இருந்த ஒரு வட்டம். சுற்றிலும் மெல்லிய தூசி. நடுவில் உள்ளங்கை அளவுக்குத் தூசி படியாத இடம். அங்கே இருந்த பொருளைக் காணவில்லை.

"கல்லு எங்கம்மா?"

அம்மா பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். "வந்ததும் வராததுமா அதைத்தான் கேக்கணுமா? போய் பல்லத் தேய்."

கல் என்று நாங்கள் சொன்னாலும் அது கல் இல்லை. லிக்னைட், எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி. நான் எட்டாவது படித்தபோது பள்ளிக் கண்காட்சிக்கு வைத்திருந்த துண்டு அது. கண்காட்சி முடிந்ததும் டீச்சர் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். காய்ந்தால் உதிர்ந்துவிடும் என்று அப்பா அதற்கு வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். ஒரு பக்கம் வெறும் பழுப்புக் கட்டி. மறுபக்கம் திருப்பினால் மரம்: வரிவரியாக ரேகை, நடுவில் ஒரு கணு. அந்தக் கணு பாதி மூடிய கண்ணைப் போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா கதை கட்டத் தொடங்கினாள்.

"மரமா நின்னுகினு இருந்தப்ப யாரோ வந்து இதுகிட்ட ஏதோ கேட்டிருக்காங்க. பதில் சொல்றதுக்குள்ள மண்ணு மூடிக்கிச்சு. இப்ப வெளிய வந்துட்டுது. இனிமே யாரு என்னா கேட்டாலும் குடுத்துடும். ஆனா இத்தினி காலம் புதைஞ்சு கெடந்ததுக்கு யார்கிட்டயாவது வாங்கிக்கணும் இல்ல?"

விதிகளையும் அவளே வைத்தாள். ஒருவர் ஒரு முறைதான் கேட்கலாம். வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. கொடுப்பதற்கு ஒரு விலையை அது தானாகவே எடுத்துக்கொள்ளும்.

அம்மா கதை சொல்வது பலாப்பழம் உரிக்கும் நாட்களில் மட்டும்தான். அவளுக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம், அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கத்து கிராமம். அதனால் சித்திரை பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பழம் வீட்டுக்கு வந்துவிடும். கூடத்தில் பேப்பர் விரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அம்மா, அப்பா, நான், தம்பி நால்வரும் சுற்றி உட்காருவோம். முழங்கை வரை எண்ணெயும் பலாப்பாலும் ஒட்டியிருக்கும்போது யாரும் எழுந்து போக முடியாது. தாழ்ப்பாளைக்கூடத் தொட முடியாது. அப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் எந்தக் கதைசொல்லிக்குத்தான் ஆசை வராது?

ஒரு கதை எனக்கு இன்னும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. ஏதோ ஒரு பிளாக்கில் ஒரு பெண். இரண்டு அறை, ஏழு பேர். எல்லாருக்கும் இடம் போதவேண்டும் என்று அவள் கல்லிடம் கேட்கிறாள். மறுநாள் காலையில் வீடு அப்படியேதான் இருக்கிறது. தட்டு வைக்கும்போது ஒரு தட்டு கூடுதலாக இருக்கிறது. இது யாருடையது என்று அவள் கேட்கிறாள், யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் இரண்டு தட்டு கூடுதல். அப்படியே போய், கடைசியில் அவள் ஒருத்தி மட்டும் இரண்டு அறையிலும் காலை நீட்டிப் படுத்துக்கொள்கிறாள். தினமும் ஏழு தட்டுகளைக் கழுவிக் கவிழ்க்கிறாள். எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை.

"வூடு பெருசாவல," என்பாள் அம்மா, ஒரு சுளையைப் பிளந்து கொட்டையை எடுத்தபடி. "எடம் பத்துச்சு."

தம்பி அன்று என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்ததில் என் பாவாடையெல்லாம் பலாப்பால் ஆனது.

இன்னொரு கதையில் ஒரு தொழிலாளி, நைட் ஷிஃப்டில் தூக்கம் வரக்கூடாது என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு எந்த ஷிஃப்டிலும் தூக்கம் வரவில்லை, ஷிஃப்ட் இல்லாத நாளிலும் வரவில்லை. அம்மாவின் கதைகளில் பேய் வந்ததே கிடையாது. கேட்டவர் சொன்ன வாக்கியத்தில் எங்காவது ஒரு சொல் விட்டுப்போயிருக்கும். கெடுதல் அந்த இடைவெளி வழியாக வந்து சேரும். பிற்காலத்தில் செய்தித்தாளில் உதவி ஆசிரியராகி, மற்றவர்களின் வாக்கியத்தில் ஓட்டை தேடுவதே என் பிழைப்பானபோது, அந்த வேலை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

இத்தனை கதை சொன்ன அம்மா கல்லிடம் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. "எனக்கா வேணும்? நல்லா கேட்ட போ," என்று கையை உதறிவிடுவாள். நான் பரீட்சைக்கு ஏதோ கேட்டு என் வாய்ப்பை எப்போதோ தீர்த்துவிட்டேன். அப்பா தன்னுடையதைச் சுண்டலுக்குச் செலவழித்தார். சாயங்காலம் சுண்டல் வேண்டும் என்றார், வந்தது. அதற்கான விலையை அன்று கூடத்தில் இருந்த எல்லாரும் கொடுத்தோம் என்று அம்மா இன்றைக்கும் மூக்கைப் பொத்திக் காட்டுவாள்.

தம்பி மட்டும் தன் முறையைப் பத்திரமாக வைத்திருந்தான். போன ஆண்டு பலா சீசன் முடிகிற சமயம், கடைசிப் பழத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டுவிட்டான்.

அவன் ஐடிஐ முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். கன்வேயர் பெல்ட்டின் கீழே கொட்டிக் கிடக்கும் கரியை அள்ளும் பிரிவு. அதே பெல்ட்டை மேலே இருந்து ஓட்டும் பிரிவில் அப்பா பெர்மனெண்ட். எங்கள் சுரங்க நகரியத்தில் இந்த இரண்டு சொல்லும் இரண்டு சாதி மாதிரி. அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீடுகளில் காபி டம்ளர் வருவதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்துவிடும். "தம்பி பெர்மனெண்டுங்களா?"

அன்றும் ஒரு வீட்டிலிருந்து பதில் வந்திருந்தது. அவன் சுளையை மென்றுகொண்டே ஷோகேஸைப் பார்த்து, விளையாட்டுக்குச் சொல்கிறவன் குரலில் சொன்னான்: "சீக்கிரமா நான் பெர்மனெண்ட் ஆவணும்."

அப்பா சிரித்தார். "டேய், சீக்கிரமா குடுக்கணும்னா அதுக்கு ஒரே வழிதான்டா இருக்குது. நான் இல்ல கெளம்பணும்?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைக்கும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வாரிசு வேலை என்பார்கள். உடம்பு முடியாமல் பாதியில் நின்றாலும் கிடைக்கலாம் என்பார்கள். ஓய்வு பெற்றுவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே மிச்சம் உள்ள அப்பாவும் கான்ட்ராக்டில் இருக்கும் மகனும் சேர்ந்து வாழும் வீடுகளில் இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். டீக்கடையில் பேசுவார்கள். அப்பாவுக்கு அடுத்த மே மாதக் கடைசி நாளோடு ஓய்வு.

அம்மாவின் கையில் ஒரு சுளை பாதி பிளந்தபடி நின்றது. அவள் அதைச் சாப்பிடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அன்றிலிருந்து அப்பாவின் வாழ்க்கை கஷ்டமானது. வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியாது. மழை நாளில் வண்டியே கிடையாது, பஸ்தான். போண்டா நின்றது. ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் போன் பண்ண வேண்டும். போன் பண்ண மறந்தால், உடன் வேலை செய்பவரின் மனைவிக்கு அம்மா போன் பண்ணிவிடுவாள். "உங்க அம்மா எனக்கு அட்டெண்டன்ஸ் போட்டுகினு இருக்கா," என்று அப்பா என்னிடம் போனில் புலம்புவார். டீக்கடையிலிருந்து பேசுகிறார் என்பது பின்னால் கேட்கும் சத்தத்திலேயே தெரியும். வாயில் போண்டா இருப்பதும் தெரியும்.

நான் ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். "அது நீயே கட்டுன கதைதானேம்மா?"

"நான் கட்டுனதுதான். அதனாலதான் சொல்றேன். அது என்னா பண்ணும்னு எனக்கில்ல தெரியும்?"

நான் ஷோகேஸில் வெறும் வட்டத்தைப் பார்த்த அந்தக் காலை, ஏப்ரல் மாதத்து ஞாயிறு. ஓய்வுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கல்லை அம்மா பழைய துண்டில் சுற்றி, பரணில் பித்தளை அண்டாவுக்குள் போட்டு மூடியிருந்தாள். கேட்டதற்கு, "அது பார்த்துகினே இருக்குது," என்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் சரியாகத் தூங்குவதில்லை என்று அப்பா சொன்னார்.

தம்பி ஷிஃப்ட் முடித்து வரும்போது தோளில் அந்த ஆண்டின் முதல் பழத்தோடு வந்தான். குளித்துவிட்டு நேராகப் பரணில் ஏறினான். அண்டா உருளும் சத்தம். கல்லைக் கொண்டுவந்து, விரித்த பேப்பரின் நடுவில் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஒனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கில்லம்மா. கேளு."

"வேணாம்டா. நான் கேட்டா அதுக்கும் ஒண்ணு புடுங்கும்."

"ஒழுங்கா கேளு. அக்காவே எதிர்ல இருக்குது. ஓட்டை இல்லாம எழுதிக் குடுக்கும்."

கையில் எண்ணெய் தடவியாகிவிட்டது. இனி யாரும் எழுந்து போக முடியாது. அம்மா பெருமூச்சு விட்டு, "அவரு நல்லபடியா ரிட்டயர் ஆவணும்," என்று தொடங்கினாள்.

"இரு, இரு. இன்னும் கேக்கல. ஒத்திகைதானே? 'நல்லபடியா'வை எடுத்துடும்மா," என்றேன். "அதுக்கு எப்படி வேணா அர்த்தம் பண்ணிக்கலாம்."

"இத்தினி வருசம் ஒழைச்சிருக்கேன். 'நல்லபடியா'ன்னு ஒரு வார்த்தை எனக்குப் போடக்கூடாதா?" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அம்மா.

"உயிரோடன்னு போடலாம்," என்றான் தம்பி.

"உயிரோடன்னா படுத்த படுக்கையாவும் கொண்டாந்து வுடும். தன் கால்ல நடந்துன்னு போடு," என்றாள் அம்மா.

"நடந்து எங்க வரணும்? கேட் வரைக்குமா?"

"வாசப்படி ஏறி, வூட்டுக்குள்ள."

"யாரு வூட்டுக்குள்ள?" என்றார் அப்பா. அம்மா எண்ணெய்க் கையால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பனியனில் ஐந்து விரலும் பதிந்தன.

அந்த ஏழு தட்டுக்காரி எனக்கு நினைவுக்கு வந்தாள். "நம்ம எல்லாரையும் இன்னார்னு தெரிஞ்சு வரணும்," என்றேன். அம்மா வேகமாகத் தலையாட்டினாள். கடைசியாக ஒரு சொல்லை அவளே சேர்த்தாள்: பசியோடு.

"பசி எதுக்கும்மா?"

"பசின்னு வந்தா உடம்பு நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

வாக்கியம் தயாரானது. விலை மட்டும் பாக்கி. கல் தானாக எதையாவது எடுப்பதற்கு முன் நாங்களே ஒன்றை எடுத்து நீட்ட வேண்டும். தம்பி ஒரு சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினான்.

"விலைக்கு என்னுதை எடுத்துக்கட்டும்."

"எதை?"

"நான் கேட்டதை. திருப்பி வாங்க முடியாதுன்னு நீதானே சொன்ன. திருப்பி வாங்கலையே. விலையா இல்ல குடுக்கிறோம்."

நான் யோசித்துப் பார்த்தேன். அதில் ஓட்டை இல்லை.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சம்மதமாடா ஒனக்கு?"

"கதைதானேம்மா."

அவள் கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். வார்னிஷ் மேல் எண்ணெய் பட்டுக் கணு பளபளத்தது. நாங்கள் கோத்த வாக்கியத்தை ஒரு சொல் விடாமல், பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதைப்போல் சொன்னாள். விலையையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ம், பழத்தை எடுங்க. எறும்பு வருது," என்றாள்.

மே மாதக் கடைசி நாள் நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். அப்பாவை உடன் வேலை செய்தவர்கள் வேனில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கழுத்தில் ரோஜா மாலை, கையில் சுவர்க் கடிகாரம். வேன் வாசலில் நின்றதும் ஒருவர் கதவைத் திறந்து, இறங்குவதற்குக் கை நீட்டினார்.

"யாரும் புடிக்காதீங்க," என்று அம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "அவரே எறங்கட்டும்."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. கடிகாரத்தைக் கை நீட்டியவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார், வேண்டுமென்றே ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தார். வாசப்படியில் ஏறி நின்றுகொண்டார்.

"நீ என் பொண்டாட்டி," என்றார். "நீ என் பொண்ணு." தம்பியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இது யாரு?"

அம்மா மாலையைப் பிடித்து இழுத்ததில் ரோஜா இதழ்கள் கொட்டின.

"என் புள்ளதான். தெரியுது, தெரியுது, வுடு. சாப்பிட என்னா இருக்குது? பசி உயிர் போவுது."

அம்மா அடுக்களைக்குள் போனாள். வெளியே வரச் சற்று நேரமானது. வந்தபோது தட்டு நிறைய போண்டா இருந்தது.

பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நகரியத்துக்கு வெளியே கட்டியிருந்த சின்ன வீட்டுக்குப் போனார்கள். கல் இப்போது அங்கே ஜன்னல் மாடத்தில், கணு வெளிப்பக்கம் பார்க்க இருக்கிறது. அம்மா நன்றாகத் தூங்குகிறாள். மதியத்தில்கூடத் தூங்குகிறாள் என்று அப்பா போனில் குறை சொல்கிறார்.

போன வாரம் தம்பிக்குப் புது கேட் பாஸ் கொடுத்தார்கள். அவன் போட்டோவுக்குக் கீழே கான்ட்ராக்ட் என்று அச்சாகியிருக்கிறது.