கல்லுக்காலில் கசிந்த சிவப்பு

1. துடிக்கும் விளக்கு

பூலாம்பாடிக்கு வடக்கே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாகத் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

அந்த வீட்டு மருமகள் செல்வியின் இடுப்பில் ஏழு மாதக் குழந்தை.

"மூணு மணிக்கு வேலைக்கு நெட்லயே டெஸ்டு சார். கம்பி லைன் இருந்தாத்தான் வூட்டுலேருந்து வேலையாம். இல்லன்னா சென்னை ஆபீசுக்கே வரச் சொல்றாங்க. இவன இங்க வுட்டுட்டுத்தான் போவணும்."

இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை. பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் வந்து பல வருஷம். அங்கிருந்து இந்தக் காடு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்க வெளிச்சத்துக்கு அத்தனை காலம் பிடித்தது. கிராம சபைக் கூட்டங்களில் தவறாமல் எழுந்து இதையே கேட்டதில், செல்வியின் மாமனார் பெரியசாமிக்கு ஊரில் 'நெட்டு பெரியசாமி' என்று பேராகிவிட்டது. போன வெள்ளிக்கிழமைதான் நான் லைன் இழுத்துக் கொடுத்தேன். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் நின்றுவிட்டது.

2. தப்பான கம்பம்

கோளாறு கம்பத்துப் பெட்டியில்தான் இருக்கும் என்று முடிவுகட்டினேன். இருபது வருஷம் செம்புக் கம்பியோடு கிடந்தவன்; அனுபவம் கொடுக்கிற திமிர். ஏறினேன், பெட்டியைத் திறந்தேன், இழையை வெட்டி மறுபடி ஒட்டினேன். முடியைவிட மெல்லிய இரண்டு கண்ணாடி நுனிகள் ஒரு பொறியில் உருகி ஒன்றாவதை ஆயிரம் முறை பார்த்திருப்பேன். இன்னும் அந்த நொடியில் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

ஒட்டு சுத்தமாக விழுந்தது. வீட்டு முனையில் மீட்டர் வைத்தால் பழையபடியே ஒன்றும் இல்லை. மணி ஒன்றரை தாண்டிவிட்டது.

3. கம்பளி

கடைசியாகச் செய்ததை முதலிலேயே செய்திருக்கலாம். எங்களிடம் பேனா அளவில் ஒரு சிவப்பு லைட் உண்டு. இழையின் ஒரு முனையில் செருகினால், எங்கே பழுதோ அங்கே சிவப்பு கசியும். உச்சி வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. அதைச் சொன்னேன்.

"இருட்டுதான வேணும்?" என்று பெரியசாமி உள்ளே போய்க் கறுப்புக் கம்பளியோடு வந்தார்.

கம்பத்து முனையில் லைட்டைச் செருகினேன். அங்கிருந்து வீடு வரை நாலு கல்லுக்கால், கருங்கல் தூண்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளை ஃபைபர் வயர் தலை உயரத்தில் போகிறது; வண்டிப் பாதையைத் தாண்டும் இடத்தில் மட்டும் மேலே ஏறுகிறது. ஒவ்வொரு காலிலும் கம்பளியைப் போர்த்தி உள்ளே தலையை விட்டுப் பார்த்தோம். காய்ந்த மக்காச்சோளத் தட்டைகளை ஏற்றி வர டிராக்டரில் போனவர் நிறுத்திக் கேட்டார்.

"என்ன நெட்டு மாமா, கம்பிக்குக் குளுருதா?"

"போடா, வந்து வேடிக்கை பாக்குற நேரமா இது."

மூன்று கால்களில் ஒன்றுமில்லை. நாலாவது கால், வெங்காயம் சேர்த்துவைக்கும் பட்டறைக்குப் பின்னால், கீற்று மறைவில் நின்றது. செல்வியும் குழந்தையோடு வந்துவிட, கம்பளிக்குள் மூன்று பேரும் நுழைந்தோம். ஆட்டு வாடை, வெங்காய வாடை, குழந்தையின் பால் வாடை.

அங்கே இருந்தது. டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கில் தெரியுமே, அந்தச் சிவப்பு. வயர் கல்லுக்காலை இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே நைலான் கயிற்றால் இறுக்கப்பட்டிருந்தது. மாடு கட்டுகிற முடிச்சு. அதன் வளைவில் ஒளி திரும்ப முடியாமல் வெளியே வழிந்துகொண்டிருந்தது. ஏதோ உயிருள்ள ஒன்றைப் பார்ப்பதுபோல மூவரும் அதன்மேல் குனிந்தோம்.

"யாரு கட்டுனது?" என்றேன்.

"நாந்தான் சார். டிராக்டர் தட்டிரும்னு இழுத்துக் கட்டுனேன். தொங்கவிடாதீங்கன்னு நீங்கதான சொல்லிட்டுப் போனீங்க."

சொல்லியிருந்தேன். செம்புக்குச் சொல்லிப் பழகிய வாய். செம்பை எப்படி முறுக்கிக் கட்டினாலும் அதில் பேச்சு ஓடும். கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளி அப்படி இறுக்கினால் தாங்காது. அவர் காத்திருந்து கிடைத்ததைப் பத்திரப்படுத்தினார். பத்திரம் என்றால் என்ன என்று தப்பாகச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

முடிச்சை அவரே அவிழ்த்தார். சுற்று தளர்ந்ததும் சிவப்பு மறைந்தது.

"அணைஞ்சு போச்சே சார்." என்றார் செல்வி.

"அணையலம்மா. வூட்டுக்குப் போயிருச்சு. வாங்க."

வீட்டு முனையைக் கழற்றி, கண்ணில் படாமல் கீழ்நோக்கிப் பிடித்தேன். பெரியசாமி கையை நீட்டினார். வெங்காயச் சருகு ஒட்டிய உள்ளங்கையில் ஒரு சிவப்புப் பொட்டு. கையை மூடினார். பொட்டு விரல்மேல் ஏறி உட்கார்ந்தது. திறந்தார், உள்ளே இறங்கியது.

"இம்புட்டூண்டுதானா," என்றார்.

4. மூன்று மணி

கம்பத்துக்கு ஓடிப் பழையபடி இணைத்துவிட்டுத் திரும்பியபோது மோடத்தில் பச்சை. மூன்றுக்கு ஏழு நிமிஷம். செல்வி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தளர்ந்த வயர் வண்டிப் பாதைக்கு மேல் வளைந்து தொங்கியது. தட்டையை ஏற்றிக்கொண்டு அதே டிராக்டர் பாரத்தோடு திரும்பி வந்தது. பெரியசாமி கவட்டைக் கம்பால் வயரை மெதுவாக உயர்த்திப் பிடித்தார். இழுக்கவில்லை, ஏந்தினார். டிராக்டர் அடியில் ஊர்ந்து போயிற்று. மறுபடி மெதுவாக இறக்கினார். நாலு மணி வரை அந்த வெயிலில் கம்போடு அங்கேயே நின்றார்.

செல்வி கதவைத் திறந்தார். "வர்ற திங்கக்கிழமையிலேருந்து வேலை மாமா. இங்கயேதான்," என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் உயரமான குழாய் ஒன்று நட்டு வயரை மேலேற்றினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: கம்பி மாறினால் வாய்ப்பேச்சும் மாற வேண்டும். இப்போதெல்லாம் லைன் இழுத்து முடித்ததும் வீட்டுக்காரர்களிடம், "கொஞ்சம் தொங்கட்டுங்க, இறுக்கிடாதீங்க," என்று சொல்லிவிட்டு, அவர்கள் உள்ளங்கையில் ஒரு தடவை அந்தப் பொட்டைக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.