அரசலாற்றின் அகலம்

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது மொத்தம் நாலு வருஷம். அதன் பிறகு ஓட்டலில் இலை எடுத்ததும், உப்பளத்தில் கூடை சுமந்ததும், லாரியில் கிளீனராக ஊர் ஊராகப் போனதும் படிப்பில் சேராது. ஆனாலும் அந்த நாலு வருஷத்துக்குள் என்னைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று ஒரு வாத்தியார் நம்பினார். இதை யாரிடம் சொன்னாலும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமையும் லீவு. வாத்தியாரை முசே என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் முசேவுக்கு லீவு நாளில் வீட்டில் இருப்புக் கொள்ளாது. நாலாம் வகுப்பில் வேகமாகக் கணக்குப் போடுகிற நாலு பேரைப் பொறுக்கி எடுத்து, சிலேட்டு வேண்டாம், கையை மட்டும் கொண்டு வாருங்கள் என்று வெளியே கூட்டிப் போய்விடுவார். ஒரு வாரம் பப்பாளி இலைக் காம்பை வைத்து ஒரு குடத்துத் தண்ணீரை இன்னொரு குடத்துக்கு இறக்கினோம். ஒரு வாரம் நிழலை அளந்து மாதா கோயில் கோபுரத்தின் உயரத்தைக் கண்டுபிடித்தோம். முசே எதையும் சொல்லிக் கொடுக்க மாட்டார். குடையை விரித்து உட்கார்ந்து, நாங்கள் சண்டை போடுவதைச் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் அப்பா சைகோனுக்குக் கப்பலேறிப் போனவர். கடிதம் நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. அம்மாவும் நானும் மாமா வீட்டில் இருந்தோம். மார்க்கெட் பக்கத்தில் மாமா சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தார். லீவு நாளில் அவரோடு துணி மூட்டையைச் சுமந்து மண்டபத்தூர்வரை வெயிலில் நடக்க வேண்டியது என் வேலை. வியாழக்கிழமை வகுப்பு வந்ததும் அதிலிருந்து தப்பித்தேன். அந்த வகுப்பில் என் இடத்தை யாராவது பிடுங்கியிருந்தால் கடித்திருப்பேன்.

அப்படிப் பிடுங்கப் பார்த்த நாளும் வந்தது. ஆற்றைத் தாண்டாமல் அரசலாற்றின் அகலத்தைச் சொல்ல வேண்டும் என்றார் முசே. இரண்டு பேர் ஒரு ஜோடி. அளவு தப்புகிற ஜோடிக்கு அடுத்த வாரம் இடமில்லை, வேறு இருவர் வரிசையில் நிற்கிறார்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் மீட்டர் கோல் ஒன்றுதான் இருந்தது. அதைத் தபால்காரர் மகனின் ஜோடி எடுத்துக்கொண்டது. நான் ஒரு கோல் கொண்டு வருவதாகச் சொன்னேன்.

மாமா கடையில் கோல் இரண்டு. ஒன்று சுவரில் மாட்டியிருக்கும், அதை யாரும் தொடக்கூடாது. மற்றது தினமும் துணி அளக்கிற கோல், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்டது. மாமா அன்று காலையில் சரக்கெடுக்கப் போயிருந்தார். நான் பூண் போட்ட கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நாலு பேரும் சேர்ந்து எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தைக் குறி வைத்தோம். அதற்கு நேரே இந்தக் கரையில் ஒரு முளை அடித்தோம். கரையோரமாக இருபது எட்டு நடந்து இன்னொரு முளை, மேலும் இருபது எட்டில் மூன்றாவது. அந்த மூன்றாவது முளையிலிருந்து ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக நடந்தோம். நடு முளையும் பனைமரமும் ஒரே கோட்டில் தெரிகிற இடம் வந்ததும் நின்றோம். நடந்த தூரம்தான் ஆற்றின் அகலம். இதை நாங்களாகவே கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தபோது என் ஜோடி, மரைக்காயர் வீட்டுப் பையன், சேற்றில் குட்டிக்கரணம் போட்டான்.

பிறகு இரண்டு ஜோடியும் அந்தத் தூரத்தை அளந்தோம். அவர்களுக்கு நாற்பத்திரண்டு வந்தது. எங்களுக்கு நாற்பத்தாறு. மறுபடி அளந்தும் நாற்பத்தாறுதான்.

தபால்காரர் மகன் கைகொட்டிச் சிரித்தான். "நாங்க அளந்தப்ப ஆறு வயித்த எக்கிக்கிச்சு போல. ஒங்களப் பாத்ததும் ஊதிக்கிச்சு!"

என் ஜோடி என்னை முறைத்தான். "எண்ணத் தெரியாதவனோட என்னைச் சேத்துவுட்டுட்டீங்களே முசே."

அதற்குள் படகுக்குக் காத்திருந்தவர்களும், கூடையோடு வந்த மீன்காரப் பெண்களும் எங்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாவது முறை தனியாக அளந்தேன். நாற்பத்தாறு. நான் எண்ணியது சரி, அவர்கள் எண்ணியதும் சரி. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். பள்ளிக்கூடக் கோலை வாங்கி மணலில் கிடத்தி, என் கோலைப் பக்கத்தில் வைத்தேன்.

என் கோல் நாலு விரல் அளவு குட்டையாக இருந்தது.

முசே குடையை மடக்கிக்கொண்டு எழுந்து வந்தார். கோலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கஜக்கோல், அங்கே இன்னும் இங்கிலீஷ்காரன் கணக்கு, இங்கேதான் மீட்டர் என்றார். பிறகு என் தோளில் தட்டி, நாலு பேரில் இன்றைக்குப் பாடம் படித்தவன் இவன் ஒருவன்தான் என்றார். என் இடம் நிலைத்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் முசேவுக்கு ஒரு சந்தேகம். "இது ஏதுடா ஒனக்கு?"

"எங்க மாமா கடைக் கோலு முசே!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். "இதாலதான் எல்லாருக்கும் மீட்டர் போட்டுக் குடுக்கறாங்க!"

ஒரு மீன்காரம்மா கூடையைக் கீழே வைத்தாள். "அடப்பாவி! அதாண்டி எம்மவளுக்கு எடுத்த பாவாட முழங்காலோட நிக்கிது. நான் அவ வளந்துட்டான்னுல்ல நெனச்சேன்!"

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு அந்தப் பெண்கள் எல்லாரும் மார்க்கெட்டைப் பார்த்து நடந்தார்கள். சாமிக்கு முன்னால் போகிற தீவட்டிக்காரனைப் போல நான் கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் நின்று விளக்கம் சொன்னேன். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று மாமா கடையில் இருந்த கூட்டத்தைத் தீபாவளிக்குக்கூட நான் பார்த்ததில்லை. சரக்கோடு திரும்பியிருந்த மாமா கூட்டத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்றார். என் கையில் கோலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். விட்டுப்போன துணியை இப்போதே கிழித்துக் கொடு என்றார்கள். யாருக்கு எவ்வளவு என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பன்னிரண்டு கோல் அளந்தால் ஒரு மீட்டர் குறையும் என்று வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். முக்காலியில் ஏறி நின்று, நீங்கள் எத்தனை மீட்டர் எடுத்தீர்கள், நீங்கள் எத்தனை என்று ஒவ்வொருவராகக் கேட்டுச் சொல்லச் சொல்ல, மாமா சுவரில் இருந்த கோலை எடுத்து அளந்து கிழித்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூட நான் தப்பாகச் சொல்லவில்லை. பெண்கள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். ஒரு பாட்டி மடியிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் அலமாரி காலியாகிவிட்டது. ஒரே நாளில் இவ்வளவு துணி போனது மாமாவுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கோலைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. "மாப்ள, ஒங்க வாத்தியாரு நல்லாத்தான் சொல்லித் தர்றாரு" என்றார்.

"அவரு எதையும் சொல்லித் தர்றதில்ல மாமா. நாங்களேதான்" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள், அம்மியைக்கூட ஏற்றினார்கள். கோட்டுச்சேரி தாண்டி, எல்லைக்கு அந்தப்புறம், பொறையாறு பக்கம் போகிறோம் என்றாள். எனக்கு ஒரே குஷி. அவ்வளவு தூரம் நான் வண்டியில் போனதே இல்லை. புறப்படுவதற்கு முன் கயிற்றால் சக்கரத்தின் சுற்றை அளந்து வைத்துக்கொண்டேன். ஆரக்காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது மேலே வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். மாமா வண்டிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

சுங்கச் சாவடியில் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவர் என்னிடம் பெயர் கேட்டார். ஆயிரத்து எழுநூற்று இருபது என்றேன். அவர் சிரித்துவிட்டு வண்டியை விட்டார்.

எல்லை தாண்டியதும் அம்மா என் தலையைத் தடவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாதம்மா, எண்ணிக்கை வுட்டுப் போயிடும். வியாழக்கெழம முசேகிட்ட சொல்லணும்ல?"

"சரிப்பா, பேசல" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் எண்ணிக்கொண்டே போனேன். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்பது ஒன்றுதான் அப்போது எனக்கு இருந்த கவலை.